வீரிய ஒட்டுத் துவரையில் விதை எடுக்கலாமா?

கேள்வி: வீரிய ஒட்டுத் துவரை நன்றாகக் காய்த்தது. அதிலேயே விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாமா? உளுந்தில் ஏன் ஒட்டு ரகம் வருவதில்லை?

பதில்: வேண்டாம். இரு வேறு ரகங்களைக் கலந்து வந்த அந்த வீரியம் முதல் தலைமுறையோடு சரி. அடுத்ததில் உயரமும் பூக்கும் நாளும் கலைந்துபோகும். சில செடிகளில் மகரந்தப்பை வெளிறிச் சுருங்கி, மகரந்தமே இருக்காது.

விதை உற்பத்தியும் லேசல்ல. 1991-இல் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஐ.சி.பி.எச். 8 என்ற ஒட்டுத் துவரைக்கு, பெண் வரிசையில் (விதை எடுக்கும் வரிசை) மகரந்தம் உள்ள பாதிச் செடிகளைப் பூத்ததும் பார்த்துப் பிடுங்க வேண்டியிருந்தது. கூலி கட்டுமா? பின்னர் வந்த சைட்டோபிளாச ஆண்மலட்டு முறையில் பெண் வரிசைச் செடி எதிலும் மகரந்தம் இருக்காது; அந்த வேலை மிச்சம். 4 பெண் வரிசைக்கு, மகரந்தம் தரும் 1 ஆண் வரிசை போதும். மகரந்தத்தைத் தேனீ சுமக்கும். பூக்கும்போது பூச்சிக்கொல்லி தெளித்தால் பெண் வரிசை காய்க்காது.

உளுந்திலோ பூ விரியுமுன்பே தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. தேனீ வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வழியில்லை; அதனால்தான் ஒட்டு ரகம் வருவதில்லை.