புரை முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: பெரம்பூரில் இருக்கும் அப்பாவுக்கு 67 வயது. கண்புரை என்கிறார்கள். ‘நல்லா முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மருத்துவமனையிலோ, லேசரில் செய்கிறோம், இன்றே பணம் கட்டினால் சலுகை என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

முற்றட்டும் என்பது, புரையால் மங்கிப்போன கண்ணின் சொந்த லென்ஸை முழுசாக வெளியே எடுத்த காலத்துக் கணக்கு. இப்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல் போட்டு, புரையை ஒலி அலையால் உடைத்து உறிஞ்சி, அங்கேயே செயற்கை லென்ஸ் வைக்கிறோம். முற்றி இறுகிய புரையை உடைப்பதுதான் சிரமம். அதற்காக இந்த வாரமே ஓடவும் வேண்டாம். பஸ் நம்பர் தெரிகிறதா, ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறதா, படியில் தடுமாறுகிறாரா? அதை வைத்து அப்பாவே நாள் குறிக்கட்டும்.

‘லேசர்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒலி அலைதான். நிஜ லேசரும் உண்டு. பில் ஏறும், பார்வை கூடுதலாகத் தெளியாது.

டாக்டர் இரண்டு நிமிடம் பார்ப்பார், பேக்கேஜ் பேசுகிறவர் அரை மணி நேரம் உட்காரவைப்பார். நம் ஊர் வைத்தியம் இப்படி ஆகிவிட்டது. அங்கே லென்ஸின் பெயரையும் விலையையும் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். கண்ணாடிக் கடையோ தெரிந்தவரோ ‘நான் சொன்னா குறைப்பாங்க’ என்றால் கமிஷன் வாடை அடிக்கிறது என்று அர்த்தம். தூரப் பார்வைக்கான சாதாரண லென்ஸே பலருக்குப் போதும். படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கையில் பணமில்லையா? எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது. வரிசை நீளம்தான், ஆனால் அறுவை இலவசம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அப்பா புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறாரா? கூச்சப்பட்டுச் சொல்லமாட்டார்கள், கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். சம்பந்தம் உண்டு. அறுவையின் நடுவே கண்மணி சுருங்கும், அதைச் சுற்றியுள்ள திரை தொளதொளத்துக் கருவிக்குக் குறுக்கே வரும். முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருப்போம். எப்போதோ சாப்பிட்டு விட்டிருந்தாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறுத்தியபின்னும் அந்தத் தொளதொளப்பு போகாமல் இருக்கலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வீட்டிலுள்ள மருந்துச் சீட்டு அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், அறுவை செய்யப்போகும் டாக்டர் கையிலேயே கொடுங்கள்.