குறுவை போட்டவரிடம் கேட்டுப் பாருங்கள்

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்து, தஞ்சாவூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் நாலு வருடமாக சைட் வேலை பார்க்கிறேன். மன்னார்குடி பக்கம் நெல் கிடங்கு ஒன்று கட்டும் வேலையை இப்போது முழுதாக என் பொறுப்பில் விட்டிருக்கிறார். திட்ட மேலாண்மையில் எனக்கு அடிப்படையே தெரியாது. அப்பா விவசாயி, வீட்டில் கேட்க ஆள் இல்லை. பிஎம்ஐ என்ற அமைப்பு நடத்தும் பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் பரீட்சை எழுதலாமா?

– வாசகி, ஒரத்தநாடு

பதில்: கேட்க ஆள் இல்லையா? அப்பா விவசாயி என்று அதே வரியில் எழுதியிருக்கிறீர்களே!

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், தண்ணீர் கல்லணை வந்து, பிரிந்து, உங்கள் வாய்க்காலை எட்ட நாளாகும். அதுவரை குறுவை நெல் போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. பம்புசெட் தண்ணீரில் நாற்று விட்டுவிடுவார். குறுகிய கால ரகம் என்றால் 18 நாளிலிருந்து 22 நாளுக்குள் நட்டாக வேண்டும். தாண்டினால் நாற்று முற்றிவிடும், சரியாகத் தூர் கட்டாது. உழவு, சேறடிப்பு, நாற்று பறிக்கிற ஆள், நடவு ஆள் எல்லாம் அந்த வயதை வைத்துப் பின்னோக்கி எண்ணியதுதான். களத்தைச் செதுக்குவது ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகாது. நடவு ஒரு வாரம் தள்ளினால் அறுப்பு மழையில் மாட்டும்.

எது தள்ளினால் எல்லாம் தள்ளுமோ, அந்த வரிசைக்குத்தான் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று பெயர். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி தன் ஆலை வேலைகளுக்காக இதைக் கணக்காக்கியது.

உங்கள் கிடங்குக்கு வருவோம். ஐப்பசி அடைமழைக்கு முன் அஸ்திவாரம் தரைக்கு மேலே வந்தாக வேண்டும். களிமண்ணில் குழி நிரம்பினால் மோட்டார் வைத்து இறைத்தே காசு போய்விடும். கூரைக்கான இரும்பு ட்ரஸ் பட்டறையில் தயாராக எத்தனை வாரம் என்று கேட்டு, அஸ்திவாரம் நடக்கும்போதே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். அதுதான் உங்கள் நாற்றங்கால். வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பதெல்லாம் களம் செதுக்குகிற கணக்கு.

இதைவிட முக்கியம், வேலை முடிந்தது என்றால் என்ன என்பது. அறுத்ததோடு அப்பாவின் வேலை முடிவதில்லை. ஈரப்பதம் வழக்கமான வரம்பான 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கொள்முதல் நிலையத்தில் பார்த்து, எடை போட்டு, பணம் வந்தால்தான் முடிந்தது. கிடங்கில் லாரி திரும்புகிற தளம் உண்டா, கரண்ட் கனெக்‌ஷன் யார் பொறுப்பு, எடைமேடை இந்தத் தொகைக்குள் வருகிறதா? முதலாளியிடமும் கிடங்குக்காரரிடமும் இன்றே கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். புத்தகத்தில் இதை ‘ஸ்கோப்’ என்பார்கள். பாதிச் சண்டை இது எழுதாததால்தான் வருகிறது.

என் கதையும் ஒன்று. முதன்முதலாக நான் பார்த்துக்கொண்டது ஒரு சுற்றுச்சுவர் வேலை. நோட்டில் தேதி எல்லாம் பக்காவாகப் போட்டிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மணல் லாரி போகிற கரை ஈரமாகி, வண்டி இறங்கிவிட்டது. பத்து நாள் போயிற்று. அந்த ஊர் ஆள் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. அப்போதிலிருந்து எந்த வேலைக்கும் “இதில் எது கெடும்?” என்று தனியாக ஒரு பக்கம் எழுதுகிறேன்.

சரி, கோர்ஸ். பிஎம்பி இப்போது வேண்டாம். டிப்ளமோ படித்தவர்கள் பல வருடம் திட்டங்களை வழிநடத்தியிருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். நீங்கள் பார்த்த சைட் வேலை அந்தக் கணக்கில் வருவது சந்தேகம். சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்றால் அதே அமைப்பின் சிஏபிஎம் என்ற தொடக்க நிலைச் சான்றிதழ் இருக்கிறது, 23 மணி நேர வகுப்பு போதும். காசில்லாமல் படிக்க, ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் உண்டு. எதுவானாலும் கிடங்கு வேலையோடு சேர்த்துப் படியுங்கள். சாஃப்ட்வேருக்கும் அவசரமில்லை, முதல் மாதத்துக்கு நாள்காட்டியும் பென்சிலும் போதும்.

இன்று ராத்திரி சாப்பிட்டபின் நோட்டோடு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். போன குறுவையை நாள் வாரியாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், நடவு சீசனில் எல்லோரும் ஆள் தேடி அலையும்போது அவருக்கு மட்டும் எப்படி ஆள் கிடைக்கிறது என்றும் கேளுங்கள். தெரிந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.