ஈசிஜி தாளில் உள்ள கோடுகளை நாமே படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?

ஈசிஜி தாளின் மேல் 'நார்மல் சைனஸ் ரிதம்' என்று அச்சாகியிருந்தால் இதயம் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்ளலாமா, கோடுகளை நாமே படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு படிக்க முடியும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நான் பல ஆண்டுகளாக ஈசிஜி எடுக்கும் டெக்னீஷியன். நோயைக் கண்டறிவது மருத்துவரின் பொறுப்பு என்பதால் தாளைப் பார்க்கும் முறையை மட்டும் எழுதுகிறேன்.

அலைகளுக்கு முன் கட்டங்களைப் பாருங்கள். தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுவதால், ஒரு சிறிய கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறிய கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. அடுத்தடுத்த இரண்டு உயரமான முனைகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டங்கள் உள்ளன என்று எண்ணி, 300ஐ அதனால் வகுத்தால் நாடித்துடிப்பு கிடைக்கும். நான்கு கட்டங்கள் என்றால் நிமிடத்துக்கு 75. இடைவெளிகள் சீராக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது.

முதலில் வரும் சிறு மேடு பி அலை, அதாவது இதயத்தின் மேலறைகளில் மின்தூண்டல் பரவுவது. அடுத்து வரும் கூர்மையான கியூஆர்எஸ் கீழறைகளுக்கு உரியது. அதன் அகலம் மூன்று சிறிய கட்டங்களுக்குள் இருக்க வேண்டும். பி தொடங்கியதிலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் வரை மூன்று முதல் ஐந்து சிறிய கட்டங்கள் இருப்பது இயல்பு. ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் ஒழுங்காக ஒரு பி அலை வந்து, இரண்டாம் லீடில் (லீடு என்பது இதயத்தின் மின்தூண்டலை ஒரு கோணத்திலிருந்து காட்டும் கோடு) அது மேல்நோக்கி இருந்தால், துடிப்பு இதயத்தின் இயல்பான துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவிலிருந்து பிறக்கிறது என்று கொள்ளலாம். 'சைனஸ் ரிதம்' சொல்வது இவ்வளவுதான். இதயத் தமனியில் அடைப்பு உண்டா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு எடுத்த ஈசிஜியில் முதல் லீடு முழுவதும், பி அலை உட்பட, தலைகீழாக வந்தது. இயந்திரமும் ஏதோ கோளாறு என்றே அச்சிட்டது. வலக்கை, இடக்கை கிளிப்புகளை நான் மாற்றிப் பொருத்தியிருந்தேன். சரிசெய்து மீண்டும் எடுத்தபோது அலைகள் நேராயின. நோயாளியின் நடுக்கம்கூடக் கோட்டைச் சிதறடிக்கும். ஆகவே தாளில் விநோதமாக ஏதேனும் தெரிந்தால், மறுபடி எடுத்துப் பார்க்கக் கேட்பதில் தவறே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மாரடைப்பு தொடங்கிய நேரத்திலும் முதல் ஈசிஜி இயல்பாக வரக்கூடும். அதனால்தான் நெஞ்சுவலியோடு வருபவருக்குச் சிறிது நேர இடைவெளியில் மீண்டும் எடுக்கிறார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தையும் பார்க்கிறார்கள். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருக்கும்போது கட்டங்களை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

உங்கள் பழைய ஈசிஜியைப் பத்திரமாக வைத்திருங்கள். கியூஆர்எஸ்ஸுக்கு அடுத்து வரும் எஸ்டி பகுதியில் தெரியும் சிறு மாற்றம் இன்று வந்ததா, முன்பே இருந்ததா என்பதை மருத்துவர் அதோடு ஒப்பிட்டுத்தான் தீர்மானிப்பார். வெப்பத்தால் அச்சாகும் தாள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால், தேதி தெரியும்படி இன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.