காதலன் அடித்தால் குடும்ப வன்முறைச் சட்டம் உதவுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் அடுக்குமாடிகளில் இளம் ஜோடிகளுக்குள் நடக்கும் அடிதடியை எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சட்டம். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் காதலர்களுக்குப் பொருந்தாது. ஆனால் கோவிலில் தாலி கட்டி, ஜேபிஎன் எனும் தேசியப் பதிவு இலாகாவில் பதியாமல் வாழ்பவர்களுக்குப் பொருந்தும். 'ரெஜிஸ்டர் பண்ணல, கேஸ் நிக்காது' என்று மிரட்டுவது பொய். தோட்டத்துப் பக்கம் இப்படி மிரண்டுபோன பெண்கள் நிறைய. 2017 திருத்தத்துக்குப் பின் சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். போலீஸ் ரிப்போர்ட் கட்டாயமில்லை, ஏழு நாள் செல்லும். தாலி ஏறாத காதலி என்றால்? அடித்தது குற்றவியல் சட்டப்படியே குற்றம், போலீசுக்குப் போகலாம். விடாமல் பின்தொடர்வதும் 2023 முதல் குற்றம்.

தடுப்பு அதற்கு முன்பே தொடங்க வேண்டும். போனைப் பிடுங்கிப் பார்ப்பது, பாஸ்வேர்டு கேட்பது, தோழிகளோடு பேசவிடாதது எல்லாம் பாசமில்லை என்று பதினைந்து வயதிலேயே பையன்களிடமும் சொல்லுங்கள். பெண்களுக்கு மட்டும் புத்தி சொல்லி என்ன பயன்? கோவில் இளைஞர் பிரிவு, ஃபுட்சால் குழு போன்ற இடங்களில் அண்ணன்மார் சொன்னால் பையன்கள் காது கொடுப்பார்கள். குடியும் வேலையின்மையும் நிலைமையை மோசமாக்கும், சரி. அதற்காக அடிப்பதற்கு அவை சாக்கு ஆகாது.

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999க்கு நீங்களே அழைக்கலாம், 24 மணி நேரமும்.