ஏழாம் எண்ணை நம்பலாமா? வாங்குவோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அயர்ன் பற்றியவை. சலவைப்பெட்டியை நினைத்துக்கொண்டு படிக்க வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இங்கே பேசப்படுவது இரும்புத் தலை கொண்ட கோல்ஃப் மட்டை. எழுதியிருப்பவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்துகொண்டு, சென்னைக்கோ கொடைக்கானலுக்கோ போய் ஆடிவிட்டு வருகிறவர்கள். எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண் (குறையக் குறைய ஆட்டம் நன்று), பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இருப்பவர்கள்.

கேள்வி: எனக்கு வயது 67, ஹேண்டிகேப் 18. என் பழைய ஏழாம் எண் அயர்ன் 125 கஜம் போகும். போன மாதம் கொடைக்கானலில் நண்பரின் புதிய ஏழாம் எண்ணால் அடித்தேன். 150 கஜம் போயிற்று. அதே செட்டை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, லாஸ்பேட்டை

பதில்: கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், யார் எந்த மட்டையால் அடித்தாலும் பந்து கூடுதலாகப் போகும். ஆகவே அந்த 25 கஜத்தில் ஒரு பங்கு மலைக்குச் சொந்தமானது. அதைக் கடைக்காரர் உங்களுக்குப் பொட்டலம் கட்டித் தர இயலாது.

மீதிப் பங்கைப் பற்றி எனக்கு நெடுநாளைய மனக்குறை ஒன்று உண்டு. இறக்கி வைக்க இடம் கொடுத்ததற்கு நன்றி. மட்டையின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவை லாஃப்ட் என்கிறோம். அயர்னின் எண் கூடக் கூட இந்தச் சாய்வும் கூடும், பந்து போகும் தொலைவு குறையும். 1990களில் ஏழாம் எண்ணுக்கு 35 டிகிரி அளவில் லாஃப்ட் இருப்பது வழக்கம். இன்று நம்மைப் போன்றவர்களுக்கென்று விற்கப்படும் பல செட்களில் அது 28 முதல் 30 டிகிரி வரைதான். அதாவது பழைய ஐந்துக்கும் ஆறுக்கும் இருந்த சாய்வில் ஏழு என்று பொறித்துத் தருகிறார்கள். மட்டையின் தண்டான ஷாஃப்டையும் சற்று நீட்டிவிடுகிறார்கள். சின்ன மரக்காலால் அளந்துவிட்டு, நெல் கூடிவிட்டது என்று களத்தில் நின்று பெருமைப்படுவதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. தலையின் எடையைக் கீழே இறக்கியிருப்பதால் சாய்வு குறைந்தாலும் பந்து உயரே எழும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அதற்கு மட்டை வேகமாக வர வேண்டும். வயதினால் வேகம் குறைந்தவர் அடித்தால் பந்து தாழப் பறந்து, குழியைச் சுற்றியுள்ள பச்சைப் புல்தரையில் விழுந்த பிறகும் நிற்காமல் பின்பக்கம் உருண்டோடிவிடும்.

இதோடு முடிவதில்லை. ஏழின் சாய்வைக் குறைத்தால் கடைசியில் வரும், குறுந்தொலைவு அடிகளுக்கான பிட்சிங் வெட்ஜின் சாய்வும் 43 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் பையில் இருக்கும், மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி என்றால் நடுவே பெரிய இடைவெளி விழும். அதை நிரப்ப இன்னொரு வெட்ஜை, பெரும்பாலும் தனி விலைக்கு, உங்கள் தலையில் கட்டுவார்கள். பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனவே கடைக்காரரிடம் எண்ணைக் கேட்காமல் டிகிரியைக் கேளுங்கள். உங்கள் பழைய ஆறாம் எண்ணையும் அவருடைய புதிய ஏழாம் எண்ணையும் சென்னையில், ஒரே நாளில், ஒரே பந்தால் அடித்துப் பாருங்கள். அப்போதும் புதியது உயரமாக எழுந்து, நடுவில் படாத அடிகளிலும் தொலைவை அதிகம் இழக்காமல் இருந்தால் வாங்குவதில் தவறில்லை. நடுவில் படாத அடியையும் தாங்கும் அந்தக் குணம் உண்மையானது. தலையின் எடையை ஓரங்களுக்குத் தள்ளி, பின்புறத்தைக் குழிவாக்கும் கேவிட்டி பேக் அமைப்பின் பயன் அது. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பரப்பிய வழி. நேற்றுக் கண்டுபிடித்தது போல விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: செட்டோடு மூன்றாம் எண் அயர்னும் தருகிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். நான்கும்கூட வேண்டாம், அந்தப் பணத்துக்கு, நீண்ட தொலைவுக்கு எளிதாக அடிக்க உதவும் ஹைபிரிட் மட்டை ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: ஸ்டீல் ஷாஃப்டா, கிராஃபைட் ஷாஃப்டா? வலது முழங்கையில் ஓராண்டாக வலி இருக்கிறது. "கிராஃபைட் பெண்களுக்கானது" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மஞ்சக்குப்பம்

பதில்: கேலி செய்பவர்களின் முழங்கை வலிக்கவில்லை. கனமான ஸ்டீல் ஷாஃப்ட் 120 கிராமைத் தாண்டும். கிராஃபைட் பெரும்பாலும் 50 முதல் 80 கிராமுக்குள் அடங்கிவிடும், அதிர்வையும் குறைவாகவே கைக்கு அனுப்பும். சித்திரை வெயிலில் காய்ந்து கெட்டித்த தரையில் அடிக்கும் நம் ஊர் ஆட்டத்துக்கு இது சிறிய ஆறுதல் அன்று. ஆனால் ஷாஃப்டின் மீது அதன் நெகிழ்வைக் குறிக்கும் எழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு வளைந்தால் சீனியர், எவ்வளவு வளைந்தால் ரெகுலர் என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் சீனியரைவிட நெகிழ்வாகவும் இருக்கக்கூடும். கைப்பிடி உறையான கிரிப்பைச் சற்றுத் தடித்ததாகவும் மென்மையானதாகவும் மாற்றினால் இறுகப் பிடிக்க வேண்டியிராது. மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவும்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு நல்ல பெயருள்ள செட் வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் போலி என்று சொல்லிவிட்டார்கள். விற்றவர் பதில் சொல்வதில்லை. ஓய்வூதியத்தில் சேர்த்த பணம்.
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஐயா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். போலித் தலையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது பழகியவர்களுக்கே கடினம். முதலில், மட்டையின் கழுத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்துக்குப் படத்துடன் அனுப்பி, அவர்களுடைய பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதை இணைத்து, வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் அவரைத் தேடி நீங்கள் போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு கெடுவில் பத்து மாதம் கழிந்துவிட்டது. இந்த வாரமே தொடங்குங்கள். மட்டைகளைக் கோபத்தில் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அவைதாம் சாட்சி.

கேள்வி: வாட்சப்பில் வந்த படத்தைப் பார்த்து, முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பிப் பழைய செட் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் இடக்கை மட்டைகள். ரசீது இல்லை. யாரிடம் புகார் செய்வது?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: கண்ணாடி முன் நின்று புகார் செய்யலாம். நீங்கள் அனுப்பியிருக்கும் அதே படத்தில் அவை இடக்கை மட்டைகள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. விற்றவர் வியாபாரி அல்லர், தம் பொருளை விற்ற தனி மனிதர் என்றால் நுகர்வோர் ஆணையமும் கைகொடுக்காது. இடக்கை ஆட்டக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, இன்னது என்று சொல்லி விற்றுவிடுங்கள்.

கேள்வி: வீடு கடற்கரைக்கு அருகில். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) அயர்ன்தான் கைக்கு இதம் என்கிறார்கள். உப்புக்காற்று தாங்குமா?
– வாசகர், குருசுக்குப்பம்

பதில்: இதற்கு நான் விலை கொடுத்துக் கற்ற பதில் இருக்கிறது. ஐம்பத்தெட்டாம் வயதில், ஹேண்டிகேப் 20 இருந்தபோது, ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் கத்தி போல் மெல்லிய பிளேடு அயர்ன்களைப் பார்த்து மயங்கி, விறைப்பான ஸ்டிஃப் ஷாஃப்டுடன் வாங்கினேன். "உங்கள் ஆட்டம் இதற்கேற்ப உயரும்" என்றார் கடைக்காரர். நடுவில் பட்ட அடிகளின் இதத்தை இன்றும் மறக்கவில்லை. அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் மறக்கவும் வழியில்லை. ஃபோர்ஜ்டு தலைகள் பெரும்பாலும் மென்மையான கார்பன் எஃகால் ஆனவை, மேலே குரோம் பூச்சு. கல்லில் பட்டுப் பூச்சு உரிந்த இடத்தில் நம் ஊர்க் காற்று உடனே வேலையைத் தொடங்கிவிடும். ஈரப் பையோடு மாடியறையில் வைத்துவிட்டு ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு எடுத்தபோது, பழைய இரும்புக்கடைக்குப் போகும் நிலையில் இருந்தன. 17-4 போன்ற துருவேறா எஃகை வார்த்துச் செய்த தலைகளை வாங்குங்கள். அவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உறை போடாமல் காற்றாட வையுங்கள்.

கேள்வி: எனக்கு 63 வயது, உயரம் ஐந்தடி இரண்டங்குலம். பிரான்சில் இருக்கும் மகன் தன் பழைய செட்டை அனுப்புகிறான்; அவன் ஆறடி. வெட்டிச் சிறிதாக்கினால் போதுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: போதாது, அம்மா. ஷாஃப்டை வெட்டினால் அது விறைப்பாகும், தலையின் கனமும் கையில் குறைவாக உணரப்படும். விறைப்பு கூடுவது உங்களுக்கு நேர் எதிரான மாற்றம். முதலில் மட்டை தரையில் எந்தக் கோணத்தில் படிகிறது என்று பாருங்கள். பந்தின் பின்புறத்தில் மார்க்கர் பேனாவால் செங்குத்தாகக் கோடு போட்டு, கோடு மட்டையைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால் கோணம் பொருந்தவில்லை. மகனுடைய செட் அன்பளிப்பு என்பதால் மறுக்க மனம் வராது என்று புரிகிறது. அதிலிருந்து சாண்ட் வெட்ஜை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அவனே ஊருக்கு வரும்போது ஆடுவதற்கு வைத்திருங்கள். உங்களுக்கு மெல்லிய கிராஃபைட் ஷாஃப்டுடன் ஏழு, எட்டு, ஒன்பது, பிட்சிங் வெட்ஜ் ஆகிய நான்கும் இரண்டு ஹைபிரிட்களும் போதும். இளஞ்சிவப்பு நிறத்துக்குக் கூடுதல் விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.