ஹூஸ்டனில் எஃப்-150 ஆர்டர் செய்யப் போகிறேன். எக்ஸ்எல்டியா, லாரியட்டா, பிளாட்டினமா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம்: ஹூஸ்டனில் சொந்த வீடு, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். அடுத்த வருஷம் சாமான்களோடு 6,500 பவுண்டு வரும் ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் சக்கர வீடு) ஒன்று வாங்கும் எண்ணம். ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ட்ரக் என்று முடிவாகிவிட்டது, டீலரின் லாட்டில் தயாராக நிற்பதை எடுக்காமல் ஃபேக்டரி ஆர்டர் போடப் போகிறார். ட்ரிம்தான், அதாவது எந்த வசதிப் படியில் எடுப்பது என்பதுதான் குழப்பம்.

ட்ரிம்மைக் கடைசியில் பாருங்கள். ஷோரூமில் இது தலைகீழாக நடக்கும். சேல்ஸ்மேன் வாயைத் திறந்ததுமே "எக்ஸ்எல்டியா, லாரியட்டா?" என்பார். எக்ஸ்எல், எஸ்டிஎக்ஸ், எக்ஸ்எல்டி, லாரியட், கிங் ராஞ்ச், பிளாட்டினம் என்று படி ஏறிக்கொண்டே போகும். கீழே 40,000 டாலர் பக்கம் தொடங்குவது மேலே 75,000ஐத் தாண்டிவிடும். ஆனால் இந்தப் பெயர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் சீட், ஸ்க்ரீன், ஸ்பீக்கர், க்ரோம் சமாச்சாரம். வண்டி எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும், உங்கள் கராஜுக்குள் நிற்குமா என்பதை முக்கியமாகக் கேப் (ஆட்கள் உட்காரும் பகுதி), பெட் (பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதி), எஞ்சின், ஆக்சில் (சக்கர அச்சு) ஆகிய நான்கும்தான் தீர்மானிக்கின்றன. இந்த நான்கில் ஒன்றைக்கூட வாங்கிய பிறகு லேசில் மாற்ற முடியாது. பெட் கவர், சைடு ஸ்டெப், ஸ்ப்ரே லைனர், ரப்பர் மேட் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வெளியில் மாட்டிக்கொள்ளலாம், பல சமயம் மலிவாகவும் கிடைக்கும். ஃபேக்டரி ஆர்டரில் பணத்தைப் பின்னால் மாட்ட முடியாதவற்றில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒரு எண்ணைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ட்ரெய்லர் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் "எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்கிறார்கள். விளம்பரத்திலும் அதுதான் பெரிதாக இருக்கும். 2024 மாடலுக்கு உச்ச அளவு 13,500 பவுண்டு. உங்கள் ட்ரெய்லர் அதில் பாதிகூட இல்லை, அதனால் எந்த எஃப்-150ம் போதும் என்று தோன்றும். ஆனால் இடிப்பது அந்த எண் அல்ல, பேலோடு, அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் டயர் பிரஷர் எழுதிய ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஃபேக்டரியில் ஏற்றிய ஆப்ஷன்களின் எடையைக் கழித்து, அந்த ஒரு வண்டிக்கென்றே போட்ட எண் அது.

உங்கள் கணக்கையே போடுவோம். ட்ராவல் ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் உட்காரும். 13 சதவீதம் என்று வைத்தால் 6,500 பவுண்டுக்கு 845. நாலு பேரும் சேர்ந்து 500. அந்த எடையைப் பரப்பிவிடும் வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் ஒரு 90. பெட்டில் கூலர், நாற்காலி, சைக்கிள், டூல்பாக்ஸ் என்று 200. மொத்தம் 1,635 பவுண்டு. பிள்ளைகள் வளர்வார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

எஃப்-150 பிளாட்டினம், ஃபோர்-வீல் டிரைவ், ஹைப்ரிட், பெரிய சன்ரூஃப் என்று எல்லாம் சேர்த்து ஆர்டர் போட்டால் அந்த ஸ்டிக்கரில் 1,400 பக்கம்தான் வரும். ஆக, 75,000 டாலர் கொடுத்து வாங்கும் வண்டி உங்கள் ட்ரெய்லரை இழுக்கும், ஆனால் உங்கள் குடும்பத்தோடு சேர்த்துச் சுமக்காது. நாலு பெரிய கதவுள்ள அதே சூப்பர்க்ரூ கேபில் எக்ஸ்எல்டி, ரியர்-வீல் டிரைவ், சாதாரண பெட்ரோல் எஞ்சின் என்றால் 1,700க்கு மேல் சாதாரணமாகப் பார்க்கலாம். மசாஜ் சீட்டும் கண்ணாடிக் கூரையும் எடைதானே! ட்ரிம் ஏற ஏறச் சுமக்கும் சக்தி குறைகிறது என்பதை எந்த ப்ரோஷரும் தடித்த எழுத்தில் போடுவதில்லை.

அதனால் ஆர்டர் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீலர் லாட்டுக்குப் போங்கள். டெக்சஸில் கார் டீலர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து விற்கக்கூடாது என்று சட்டம். பெரும்பாலானவர்கள் ஞாயிறு மூடிவிடுவதால் தொந்தரவில்லாமல் சுற்றலாம். ஜன்னலில் ஒட்டியிருக்கும் விலைத்தாளை நீங்கள் நினைக்கும் கலவைக்கு நெருக்கமான வண்டிகளில் தேடிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அதே வண்டிகளின் கதவைத் திறக்கச் சொல்லி பேலோடு ஸ்டிக்கரையும் படமெடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த ஆப்ஷன் எத்தனை பவுண்டைத் தின்கிறது என்று புரிந்துவிடும். யூட்யூபில் பத்து ரிவ்யூ பார்ப்பதைவிட இது மேல்.

கேபில் யோசிக்க ஒன்றுமில்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு சூப்பர்க்ரூதான். பெட் 5.5 அடியா 6.5 அடியா என்பதில் கராஜ் அளவு குறுக்கே வரும். சின்ன பெட்டோடு வண்டி 232 அங்குலம், அதாவது 19 அடிக்குக் கொஞ்சம் மேல். பெரிய பெட்டோடு 20 அடியைத் தாண்டும். இங்கே புறநகர் வீடுகளில் 20 அடி ஆழக் கராஜ் சகஜம். சுவர் ஓரம் வாட்டர் ஹீட்டரும் இரண்டாவது ஃப்ரிட்ஜும் வைத்திருப்பவர்கள் டேப் எடுத்து அளந்துவிட்டு முடிவு செய்யவும். நான் 6.5 எடுத்தேன், வண்டி டிரைவ்வேயில்தான் நிற்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் 8 அடி ப்ளைவுட் டெயில்கேட்டைத் திறந்தால் முழுதாகப் படுக்கும். பொங்கலுக்குக் கோயிலுக்குக் கரும்புக் கட்டு ஏற்றவும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ட்ரக் வாங்கினால் வீடு மாற்றும் நண்பர்கள் எல்லோருக்கும் திடீரென்று உங்கள் ஞாபகம் வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

சொந்தத் தொழில் இருந்து வண்டியை அதற்கும் ஓட்டுவதாக இருந்தால் பெட் நீளத்துக்கு வரியிலும் ஒரு சங்கதி உண்டு. செக்‌ஷன் 179 என்ற, தொழில் சாதனங்களுக்கான வரிக் கழிவில் கனமான எஸ்யூவிகளுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பெட் குறைந்தது 6 அடி இருந்தால் அந்த வரம்பு பொருந்தாது. உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எஞ்சின். 2024இலிருந்து சாதாரண எஃப்-150க்கு நான்கு: 2.7 லிட்டர் டர்போ வி6, 5.0 வி8, 3.5 டர்போ வி6, 3.5 ஹைப்ரிட். நாலுக்கும் அதே 10 கியர் ஆட்டோமேட்டிக். 2.7ஐக் குறைத்து எடை போடாதீர்கள். 325 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி டார்க் (இழுக்கும் முறுக்கு விசை). ட்ரெய்லர் இல்லாத வீட்டுக்கு அதுவே தாராளம். 5.0க்கும் 3.5க்கும் குதிரைத்திறன் ஒன்றே, 400. ஆனால் டார்க்கில் 410க்கும் 500க்கும் உள்ள வித்தியாசம் ட்ரெய்லர் மாட்டியதும் தெரியும். வி8 ஏற்றத்தில் கியர் இறக்கிச் சத்தம் போட்டு ஏறும், டர்போ அதே ஏற்றத்தைப் பேச்சை நிறுத்தாமல் ஏறும். ஹூஸ்டனைச் சுற்றி ஏற்றம் எங்கே என்று கேட்கலாம். ஹில் கன்ட்ரி பக்கம் கேம்பிங் போகும்போது எதிர்க்காற்றும் சேர்ந்தால் தெரியும். வி8 சத்தம் பிடித்தவர்களோடு நான் வாதாடுவதில்லை, நானே அந்தக் கட்சி.

ஹைப்ரிட்டுக்கு இங்கே ஒரு தனிக் கவர்ச்சி உண்டு, அதற்குக் காரணம் மைலேஜ் இல்லை. அதில் வண்டியிலிருந்தே 2.4 கிலோவாட் கரன்ட் எடுக்கும் வசதி சும்மாவே வருகிறது, கொஞ்சம் பணம் சேர்த்தால் 7.2 கிலோவாட். அதில் 240 வோல்ட் 30 ஆம்ப் பிளக்கும் உண்டு. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸ் இருளில் கிடந்தபோது, டீலர்களிடம் இருந்த இந்த வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுக்கச் சொல்லி ஃபோர்டே கேட்டுக்கொண்டது. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சம் இணைப்புகளுக்குக் கரன்ட் போனதே, அப்போது எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜும் விளக்கும் ஃபேனும் ஓடிய வீடுகளில் ஒன்று இந்த வண்டி நின்ற வீடு. ஆனால் இரண்டு விஷயம். வீட்டு சென்ட்ரல் ஏசியை இது இழுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், ஸ்டார்ட் ஆகும்போது அது கேட்கும் கரன்ட் அதிகம். அப்புறம், வண்டியின் 240 பிளக்கை நேரே வீட்டு பேனலில் கொடுத்தால் வண்டியின் பாதுகாப்பு சர்க்யூட் ட்ரிப் ஆகும் தொல்லை உண்டு. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் ட்ரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் தேவைப்படலாம். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் முன்பே பேசுங்கள். உங்கள் விஷயத்தில் ஹைப்ரிட்டின் எடை பேலோடைத் தின்னும் என்பதால் நான் தயங்குவேன். கரன்ட்தான் முக்கியம் என்றால் ஹைப்ரிட்டை எக்ஸ்எல்டியிலேயே எடுங்கள், ட்ரெய்லரை 5,000க்குள் பாருங்கள்.

ஆக்சில் ரேஷியோவை (சக்கர அச்சின் கியர் விகிதம்) பற்றி ஃபோரங்களில் சண்டையே நடக்கும். 3.31, 3.55, 3.73 என்று எண்கள். எண் கூடினால் இழுவை கூடும், எஞ்சின் வேகமாகச் சுற்றும். பத்து கியர் வந்த பிறகு ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் ஃபோர்டு அனுமதிக்கும் இழுவை எடை இதனால் மாறும். பின் சக்கரம் இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் எலக்ட்ரானிக் லாக்கிங் டிஃப்ரன்ஷியல் கிடைத்தால் கட்டாயம் போடுங்கள். ஈரப் புல்லிலும் படகு இறக்கும் சரிவிலும் ரியர்-வீல் டிரைவ் வண்டிக்கு அதுதான் கை கொடுக்கும். ஃபோர்-வீல் டிரைவ் சில ஆயிரம் டாலரும் கொஞ்சம் பேலோடும் கேட்கும். கொலராடோ பக்கம் குளிர்காலத்தில் போகிறவர் இல்லையென்றால் ஹூஸ்டனில் அது விற்கும்போது கிடைக்கும் விலைக்காக மட்டுமே. ட்ரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்து இயக்கும் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை மட்டும் ஃபேக்டரியிலேயே வாங்குங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் ட்ரிம். உங்களுக்கு நான் சொல்வது எக்ஸ்எல்டி, அதில் மேல்நிலை எக்விப்மென்ட் குரூப் (வசதிகளின் தொகுப்பு), 3.5 டர்போ, ட்ரெய்லர் இழுப்பதற்கான டோயிங் பேக்கேஜ். இதில் எரிச்சலூட்டுவது ஆப்ஷன்களின் சங்கிலிதான். ஒரு சின்ன வசதியைத் தொட்டால் அது பெரிய பேக்கேஜில்தான் வரும், அந்தப் பேக்கேஜ் இன்னொன்றைக் கேட்கும். லாரியட்டுக்குப் போக எனக்குத் தெரிந்து நியாயமான காரணம் ஒன்றுதான்: காற்று வரும் வென்டிலேட்டட் சீட். ஆகஸ்டில் பார்க்கிங்கில் நின்ற வண்டியில் ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும், என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். பட்ஜெட் இடம் கொடுத்தால் லாரியட், ஆனால் சன்ரூஃப் வேண்டாம். பிளாட்டினம் உங்களுக்கு வேண்டாம். நிறத்தில் சிலவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. வெயிலுக்கு வெள்ளை நல்லது, அதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

ஆர்டர் போடும்போது விலையை எழுத்தில் வாங்குங்கள், "வண்டி வந்ததும் பேசிக்கொள்ளலாம்" என்றால் வேறு டீலரைப் பாருங்கள். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பதும் எழுத்தில் வேண்டும். உங்கள் அலுவலகம் ஃபோர்டின் எக்ஸ்-பிளான் (கூட்டாளிக் கம்பெனி ஊழியர்களுக்கான சலுகை விலை) பட்டியலில் இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேளுங்கள், பல பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஆர்டர் ஏறியதும் டோரா என்று அவர்கள் சொல்லும் ஆர்டர் ரசீதைக் கேட்டு வாங்கி, வரி வரியாகச் சரிபாருங்கள். என் ரசீதில் டோயிங் பேக்கேஜ் வரியே இல்லாமல் இருந்தது. வண்டி ஷெட்யூல் ஆகும் முன், அதாவது தயாரிப்புக்கு நாள் குறிக்கும் முன் என்பதால் ஒரே போனில் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்றால் முடியாது.

ஷெட்யூல் ஆனதும் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) வரும். அது 1 என்று தொடங்கினால் அமெரிக்காவில் தயாரானது. எஃப்-150 டியர்பார்னிலோ கான்சஸ் சிட்டியிலோதான் அசெம்பிள் ஆகிறது. இது ஏன் முக்கியம் என்றால், 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் அசெம்பிள் ஆன புது வண்டியைச் சொந்த உபயோகத்துக்குக் கடனில் வாங்கினால், வருஷத்துக்கு 10,000 டாலர் வரை வட்டியை வருமானத்தில் கழிக்கலாம். தனியாள் வருமானம் 1,00,000 டாலரையும் தம்பதியின் வருமானம் 2,00,000 டாலரையும் தாண்டினால் இந்தச் சலுகை குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். இருவரும் ஐடியில் இருந்தால் அநேகமாக உங்களுக்கு இல்லை. இருந்தாலும் ரிட்டர்னில் வின் நம்பர் எழுத வேண்டும் என்பதால் குறித்து வையுங்கள்.

வண்டி வந்த அன்று, கையெழுத்துக்கு முன், நைட்ரஜன் காற்று, ஜன்னல் டின்ட், கண்ணாடியில் நம்பர் பொறிப்பு என்று ஆயிரம் டாலர் கூடியிருக்கிறதா பாருங்கள். கூடியிருந்தால், எழுத்தில் வாங்கிய விலையை எடுத்து மேசையில் வையுங்கள்.