அந்த ஆயிரம் எந்தக் கணக்கில் விழுகிறது?

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இவர் கடற்பாசி எடுக்கிறார். இரண்டு பிள்ளைகள். நான்கு மாதமாகப் பாஸ்புக்கில் மகளிர் உரிமைத் தொகை ஏறவில்லை. "வீட்டுக்காரர் பேருல மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எட்டாயிரம் வாங்குனீங்கல்ல, அதான் ஆயிரத்தை நிறுத்திட்டாங்க. அறுநூறு குடுங்க, சரிபண்ணித் தர்றேன்" என்கிறாராம் கம்ப்யூட்டர் சென்டர்காரர். கொடுக்கலாமா, அல்லது அடுத்த வருஷம் எட்டாயிரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்பது கேள்வி.

அறுநூறும் கொடுக்காதீர்கள், எட்டாயிரத்தையும் விடாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 2023 செப்டம்பர் 15-ல் உரிமைத் தொகை தொடங்கியபோது அரசு பார்த்தது குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கிறதா, கார் இருக்கிறதா, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்டு ஓடுகிறதா என்பது மாதிரியான விஷயங்களைத்தான். தடைக்கால நிவாரணம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அந்த நிவாரணம் 5,000-லிருந்து 8,000 ஆகும் என்று முதல்வர் அறிவித்ததே உங்கள் மண்டபத்தில்தான், 2023 ஆகஸ்டில்.

அப்படியானால் ஆயிரம் எங்கே? உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். குழுக் கடனுக்காகப் போன வருஷம் வேறு வங்கியில் கைரேகை வைத்துப் புதுக்கணக்கு தொடங்கியதாக. எனக்குச் சந்தேகம் அங்கேதான். அரசுப் பணம் ஆதாரைப் பிடித்துக்கொண்டு வரும்போது ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கியோடு இணைத்தீர்களோ, அங்கே போய் விழும். பழைய பாஸ்புக்கில் வருஷம் முழுக்க என்ட்ரி போட்டாலும் ஒன்றும் ஏறாது. முப்பது வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், இந்த ஒரு வரியைச் சொல்ல எந்தக் கவுன்டரிலும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. "வரலம்மா, அடுத்த மாசம் பாருங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

புதுக்கணக்கின் பாஸ்புக்கை வாங்கி என்ட்ரி போடுங்கள். நான்காயிரமும் அங்கேயே இருக்கலாம். தவணைக்கென்று பிடித்திருந்தால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்யுங்கள். உரிமைத் தொகையிலிருந்து கடனோ குறைந்தபட்ச இருப்போ பிடிக்கக்கூடாது என்று அரசு வங்கிகளிடம் சொல்லியிருக்கிறது. பணம் பழைய வங்கிக்கே வரவேண்டுமென்றால், அங்கே போய் "ஆதார் சீடிங் மாற்ற வேண்டும்", அதாவது அரசுப் பணம் வர ஆதாரை இந்தக் கணக்கோடு இணைக்க வேண்டும், என்று சொல்லி ஒரு படிவம் கொடுக்க வேண்டும். ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வந்தால் இணைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. ஜெராக்ஸ் வேறு, சீடிங் வேறு. இரண்டு பாஸ்புக்கிலும் இல்லையென்றால் மட்டும் ராமநாதபுரம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு.

ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை அலைச்சலா என்று தோன்றும். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எட்டாயிரத்தை வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய். அதுவும் ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. அது கைக்கு வருவதற்குள் வீட்டில் அரிசி தீர்ந்துவிடும். அப்போது எங்கே போவீர்கள்? பாசி வாங்குகிறவரிடம் இரண்டாயிரம் முன்பணம். அவர் வட்டி கேட்கமாட்டார், நல்ல மனுஷன்தான். ஆனால் அப்புறம் மரிக்கொழுந்துப் பாசிக்கு அவர் சொல்வதுதான் விலை, அவர் பிடிப்பதுதான் எடை. மாதம் பிறந்து 15-ம் தேதி உங்கள் பெயரில் ஆயிரம் விழுந்தால், அந்த முன்பணத்தில் பாதியாவது வாங்காமல் தள்ளலாம். இன்னொன்றும் பார்த்திருக்கிறேன்: ஆயிரம் வரத் தொடங்கியதும் வீட்டுக்காரர் செலவுக்குக் கொடுப்பதில் ஆயிரத்தைக் குறைத்துக்கொள்வார். அது உங்கள் வீட்டு விவகாரம், நான் தலையிடவில்லை.

ஏடிஎம் கார்டை மட்டும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். கடனுக்கு ஈடாகக் கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கிவைத்துக்கொண்டு 15-ம் தேதி காலையிலேயே மெஷினில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் மெஷின் வைத்திருப்பவர்களிலும் ஏமாற்றுகிற சிலர் உண்டு. "விழலக்கா, இன்னொருக்கா வைங்க" என்பார். முதல் தடவையே ரேகை விழுந்து பணம் போயிருக்கும். ரசீது இல்லாமல் இரண்டாவது தடவை விரலை நீட்டவே நீட்டாதீர்கள்.

உங்களுக்கு அந்த ரேகை நிஜமாகவே விழாமலும் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்க்கிறவர்களின் விரல் நுனியை நான் பார்த்திருக்கிறேன். வரியே இருக்காது, வெட்டுக்காயம்தான் இருக்கும். மெஷின் மறுத்தால் உங்களுக்குத் தகுதி போய்விட்டதாக அர்த்தம் இல்லை. கடலுக்குப் போகாத நான்கைந்து நாள் கழித்து, இடது கை மோதிர விரலை வைத்துப் பாருங்கள். அதுவும் விழாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிந்து, செல்போன் நம்பரையும் சேர்த்துவிடுங்கள். ஆனால் பணம் எடுக்க ரேகை மெஷின்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கிளைக்கே போய், பணம் எடுக்கும் சீட்டு, பாஸ்புக், கையெழுத்து. எழுதத் தெரியாவிட்டால் மை தடவிய பெருவிரல். மெஷின் வருவதற்கு முன்னால் எல்லாரும் அப்படித்தானே எடுத்தார்கள்? "மெஷின்ல விழல, போயிட்டு வாங்க" என்று ஒரு பெண்ணை மூன்று முறை பஸ் ஏற்றி அனுப்பிய கிளை எனக்குத் தெரியும். ஒரு நாள் பாசிக்கூலி போகும் அவர்களுக்கு. அது ஏன் அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு உறைக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமையும் 15-ம் தேதியை ஒட்டியும் போகாதீர்கள், கூட்டம் நெரியும். இரண்டு பாஸ்புக், ஆதார், ரேஷன் கார்டு. கூட யாராவது வேண்டுமென்றால் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள், அந்த சென்டர்காரர் வேண்டாம்.